கதவைத் திறந்தால் கொட்டும் அலமாரி: ‘ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி’ கேட்கத் தொடங்குவோருக்கு

1940 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவின் என்பிசி வானொலியில் ஒலித்த ‘ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி’ என்ற நகைச்சுவைத் தொடரில் மாலி என்ற குடும்பத் தலைவி அகராதியைத் தேடிக்கொண்டு வீட்டிலிருந்த ஓர் அலமாரியின் கதவைத் திறந்தாள். உள்ளே திணித்திருந்த அத்தனை தட்டுமுட்டுச் சாமான்களும் தடதடவென்று அவள் மேல் சரிந்து கொட்டின. எல்லாவற்றையும் தனக்கு வேண்டியபடி ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததாகக் கணவன் மெக்கீ குறைப்பட்டுக்கொண்டான். அன்றைக்கு ஒரு தடவைக்கென்று செய்த வேடிக்கை அது. பிறகு அந்தத் தொடரின் அடையாளமாகவே நின்றுவிட்டது. எதையாவது கண்டபடி திணித்து வைத்திருக்கும் அறையை ‘ஃபிப்பர் மெக்கீயின் க்ளோசெட்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் அளவுக்கு அது பேச்சுவழக்கில் கலந்தது.

நம்மூரில் க்ளோசெட் என்றால் கழிப்பறைப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். இங்கே அது வேறு. சுவருக்குள்ளேயே அமைந்த, கதவு போட்ட சிறு சாமான் அறை அது. பரண் தரைக்கு இறங்கி வந்து ஒரு கதவும் போட்டுக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலமாரி எங்கேயும் இருந்ததில்லை. வானொலி நிலையத்தின் தரையில் கொஞ்சம் பழைய சாமான்களும் அவற்றைத் தள்ளிவிட ஓர் ஆளும் இருந்தார்கள். கதவு, சுவர், கூடம், மாலியின் முகம் எல்லாவற்றையும் கேட்டவர்களே கட்டிக்கொண்டார்கள். வானொலிக் குடும்ப நகைச்சுவையின் அடிப்படை இதுதான். நிகழ்ச்சி தருவது துப்புகளை மட்டும். வீட்டைக் கட்டுவது கேட்பவரின் காது. காது முழு வீட்டையும் கட்டும்படி துப்புகளை எந்த அளவில், எந்த வரிசையில் கொடுப்பது என்பதுதான் இந்தக் கலையின் நுட்பம்.

நடித்தவர்கள் நிஜ வாழ்விலும் கணவன் மனைவி. ஜிம் ஜோர்டனும் மேரியன் ஜோர்டனும் இலினாய் மாநிலத்துப் பியோரியா ஊர்க்காரர்கள். 1918-இல் மணந்து, மேடைகளில் பாடியும் நடித்தும் அலைந்து, சிகாகோ வானொலிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே டான் க்வின் என்ற எழுத்தாளர் அவர்களுக்குத் துணையானார். மூவரும் 1931 முதல் ‘ஸ்மாக்அவுட்’ என்ற தொடரை நடத்தினார்கள். கேட்டதெல்லாம் ‘தீர்ந்துபோச்சு’ என்று சொல்லிவிட்டுக் கதையளக்கும் ஒரு மளிகைக் கடைக்காரனின் கதை அது. அந்தக் கதையளப்புக்காரன்தான் வளர்ந்து மெக்கீ ஆனான். ‘ஃபிப்’ என்றால் சின்னப் பொய். பெயரிலேயே குணத்தை வைத்துவிட்டார் க்வின்.

1935 ஏப்ரல் 16-இல் தொடர் தொடங்கியபோது அவர்களுக்கு வீடே கிடையாது. காரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். விளம்பரம் கொடுத்த ஜான்சன் மெழுகு நிறுவனம் அப்போது கார் பாலிஷ் விற்றுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கதைப்படி அவர்களுக்குக் குலுக்கலில் ஒரு வீடு விழுந்தது. வென்ற சீட்டின் எண் 131313, வீட்டு முகவரி 79 விஸ்ட்ஃபுல் விஸ்டா. வீடு வந்தபின் தரை மெழுகை விளம்பரம் செய்யத் தோதானது. கதைக்கும் அது நல்லதாகப் போயிற்று. ஓடும் காரில் போகிறவர்கள் வழியில் சந்திக்கும் ஆட்கள் ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடுவார்கள். நிலையான வீட்டுக்கு அதே அண்டைவீட்டார் வாராவாரம் வரலாம். ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால்தான் அவர் குரல் கேட்பவருக்குப் பழகும். பழகினால்தான் முகம் தெரியாத குறை போகும்.

ஓர் அத்தியாயத்தின் எலும்புக்கூடு மிக எளிது. மெக்கீ காலையில் ஒரு யோசனையோடு எழுகிறான்: ஒரு பெட்டியை ஒழுங்குபடுத்த வேண்டும், ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும், குளியலறைக் குழாயைத் தானே பழுதுபார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய வேலை. அழைப்பு மணி அடிக்கிறது. ஒருவர் வருகிறார், பேசுகிறார், வேலையைக் கெடுக்கிறார், போகிறார். அடுத்தவர் வருகிறார். நடுவில் பில்லி மில்ஸின் இசைக்குழு ஒரு துண்டு வாசிக்கும். கிங்ஸ் மென் நால்வர் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அரை மணி முடியும்போது மெக்கீயின் பெருமை சரிந்து கிடக்கும். மாலி ஒரு சொல்லில் அவனை மன்னித்திருப்பாள். கதை என்று பெரிதாக எதுவும் இருக்காது. புதிதாகக் கேட்பவர்கள் ‘எப்போது கதை ஆரம்பிக்கும்’ என்று காத்திருந்து ஏமாறுவது இங்கேதான். வாசலுக்கு வருகிறவர்களே கதை.

ஏன் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும்? காதின் வரம்பு அப்படி. மேடையில் ஆறு பேர் நின்றால் கண் பிரித்துக்கொள்ளும். வானொலியில் மூன்று குரலுக்கு மேல் ஒரே நேரத்தில் பேசினால் யார் யாரென்று குழம்பும். அதனால் கணவன், மனைவி, வந்தவர் ஒருவர் என்று மூன்று குரலில் காட்சி நிற்கிறது. நான்காவது ஆள் வர வேண்டுமானால் மூவரில் ஒருவர் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியேற வேண்டும். கதவு சாத்தும் சத்தம் ஒருவர் போய்விட்டதைச் சொல்லும். எழுதுபவர் அந்தச் சத்தத்தை மறந்தால், போனவர் இன்னும் கூடத்திலேயே நிற்பதாகக் கேட்பவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த வெளியேற்றத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. டீனி என்ற அண்டைவீட்டுச் சிறுமி அடிக்கடி வந்து மெக்கீயைக் கேள்வி கேட்டே களைத்துப்போகச் செய்வாள். அவள் வருவதற்குச் சற்று முன்பு மாலி ஏதோ வேலையென்று உள்ளே போய்விடுவாள். இரண்டு குரலுமே மேரியன் ஜோர்டனுடையவை. கவனித்துக் கேளுங்கள்: சிறுமியும் மாலியும் ஒரே மூச்சில் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். மெக்கீ தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் ஒரு குழந்தைக் குரல் ஒலித்தது இப்படித்தான்.

தொடரின் இன்னொரு நடிகர் பில் தாம்ப்ஸன் இதைவிட ஒருபடி மேலே போனார். ‘நான் கேள்விப்பட்டது அப்படி இல்லையே’ என்று ஒவ்வொரு வேடிக்கைக்கும் மாற்றுக்கதை சொல்லும் கிழவர், பறவைப் புத்தகமும் கையுமாகத் திரியும் பயந்தாங்கொள்ளி வாலஸ் விம்பிள், ஆங்கிலத்தைச் சிதைத்துப் பேசும் கிரேக்கர் நிக், பையைத் துழாவித் துழாவி என்னென்னவோ எடுக்கும் எத்தன் பூமர் ஆகிய நால்வரும் அவர் ஒருவரே. வானொலியில் ஒரு நடிகர் நான்கு ஆளுக்குச் சமம். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. போர்க்காலத்தில் 1943-இல் தாம்ப்ஸன் கடற்படைக்குப் போனபோது தெருவில் நான்கு பேர் ஒரே நாளில் காணாமல் போனார்கள். நடிகர் கேல் கார்டன் கடலோரக் காவல் படைக்குப் போனதால் அவர் நடித்த நகரத் தலைவர் லா டிரிவியாவும் போய்விட்டார். அந்தக் காலியை நிரப்ப வந்த ஆர்தர் க்யூ. பிரையனின் டாக்டர் கேம்பிள் பாத்திரம், என் பார்வையில், தொடருக்கே புது உயிர் கொடுத்தது. மெக்கீயும் டாக்டரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் அழகைக் கேட்டால் இருவருக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் என்பது புரியும்.

குரலே இல்லாத பாத்திரங்களும் உண்டு. இங்கேதான் டான் க்வின் எவ்வளவு பெரிய கைகாரர் என்பது தெரியும். விம்பிளின் மனைவியை ‘இனிய முகத்தாள்’ என்ற பொருளில் அவன் செல்லப்பெயரால் குறிப்பிடுவான். அவள் அவனை எப்படியெல்லாம் அடித்தாள் என்று சொல்வான். அவள் பேசிக் கேட்க முடியாது. மெக்கீயின் பழைய மேடைக் கூட்டாளி ஃப்ரெட் நிட்னியும் பேச்சில் மட்டும் இருப்பவன். இவர்களில் தலையானவள் தொலைபேசி நிலையத்து மர்ட். மெக்கீ தொலைபேசியை எடுத்து எண்ணைக் கேட்பான். மறுமுனையில் மர்ட் என்று தெரிந்ததும் குடும்ப நலம் விசாரிப்பான். மர்ட் சொல்வது நமக்குக் கேட்காது. மெக்கீ திருப்பிச் சொல்வதும் மாலி பதறுவதும் மட்டும்தான் கேட்கும். அந்த அச்சைத் தமிழில் வார்த்தால் இப்படி இருக்கும்:

“என்ன மர்ட்? உங்க மாமாவா? நேத்து ராத்திரியா? கால் ரெண்டும் உடைஞ்சு போச்சா?”

“ஐயோ பாவம்! மாமாவுக்கா?”

“இல்ல மாலி, அவர் உக்காந்த நாற்காலிக்கு.”

மூன்று வரிதான். முதல் வரியில் பொய்யே இல்லை, ஒரு சொல்லின் இரண்டு பொருள்களில் கேட்பவர் தவறானதை எடுத்துக்கொள்ளும்படி இடம் விட்டிருக்கிறது. மாலி நமக்காகத் தவறான பொருளை உரக்கச் சொல்கிறாள். மூன்றாவது வரி சரியான பொருளைத் தருகிறது. மாலியின் வரி இல்லாவிட்டால் வேடிக்கை பாதியாகிவிடும். கேட்பவர் மனத்தில் தப்பான படம் உறுதியாக விழ ஒரு நொடி தேவை. அந்த நொடியை அவள் தருகிறாள்.

இதே வீட்டுக்குள் விளம்பரமும் விருந்தாளியாக நுழைந்தது. அந்தக் காலத்தில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அறிவிப்பாளர் பொருளைப் பற்றிச் சொல்வதுதான் பொது வழக்கம். இங்கே அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸே அழைப்பு மணி அடித்து உள்ளே வருவார். பேச்சு எதைப் பற்றி இருந்தாலும் நான்கைந்து வாக்கியத்துக்குள் அதைத் தரை மெழுகுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இதோ வருகிறது என்று மெக்கீக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவன் தடுக்கப் பார்ப்பான், முடியாது. தடுக்கும் முயற்சியிலேயே சிரிப்பு பிறக்கும். ஆகவே இந்த விளம்பரத்தைத் தாண்டிக் கேட்காதீர்கள். தாண்டினால் ஒரு காட்சியே போய்விடும்.

இனி அந்த அலமாரி. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அது வருவது அபூர்வம். கேட்பவர் மறந்துவிடும் அளவுக்கு இடைவெளி விட்டதும் இல்லை. அதன் உடற்கூறு இது. முதலில் யாரோ ஒன்றைத் தேடுவார்கள். ‘அந்தக் கதவையா, வேண்டாமே’ என்று ஒரு குரல். கைப்பிடி திரும்பும் சின்னச் சத்தம். அரங்கில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் பல சமயம் இங்கேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு சரிவு. பிறகு அமைதி. கடைசியில் ஒரே ஒரு சின்ன மணி ‘டிங்’ என்று ஒலிக்கும். அதன்பின் மெக்கீ, இந்த அலமாரியை ஒருநாள் ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும் என்பான்.

மணிதான் உயிர்நாடி. சரிவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு சின்னதாக முடிவு இருப்பதால் அது ஒரு முற்றுப்புள்ளி போல விழுகிறது. அதோடு எல்லாம் விழுந்து முடிந்தது என்று காதுக்குச் சொல்கிறது. ஓர் அத்தியாயத்தில் விம்பிள் கதவைத் திறக்க, ஒன்றுமே விழாது. மெக்கீ அதற்குள் ஒழுங்குபடுத்திவிட்டானாம். மாதக்கணக்காகச் சத்தத்தைப் பழக்கியதால்தான் அந்த அமைதிக்கு அவ்வளவு சிரிப்பு.

இதை வீட்டில் செய்துபார்த்தால் கட்டமைப்பு நன்றாகப் புரியும். பள்ளி நாடகத்துக்கோ ஒலி நாடகத்துக்கோ கூடப் பயன்படும். மூன்று நான்கு படிகள் கொண்ட மரப்படி ஒன்று போதும். கீழ்ப்படியில் லேசானவை: அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் குவளை, பழைய செருப்பு. நடுவில் மரம்: துடைப்பக் கட்டை, பலகைத் துண்டு, கேரம் காய்கள் நிரம்பிய டப்பா. மேலே உலோகம்: காலித் தகரடப்பா, தட்டு, ஒரு வாளி. கீழ்ப்படியில் தொடங்கி மேற்படி வரை ஒவ்வொரு படியாகத் தரையில் தள்ளிவிடுங்கள். லேசான சத்தம் எச்சரிக்கையாக முந்தி வரும், கனமானது பின்னால் வந்து உச்சம் தொடும். மொத்தம் 5 அல்லது 6 விநாடி. உருண்டோடும் ஒரு மூடி இருந்தால் நல்லது. அது தரையில் சுற்றிச் சுற்றி அடங்கும்போது இயல்பான வால் கிடைக்கும். பிறகு ஒரு விநாடி முழு அமைதி. பூசை மணி மாதிரி சின்ன மணியைக் கையில் தனியாக வைத்திருந்து ஒரே தட்டு. மணியைக் குவியலோடு சேர்த்துத் தள்ளாதீர்கள், இரைச்சலில் அமுங்கிவிடும்.

வழக்கமாகக் கெடுவது மூன்று இடத்தில். எல்லாமே பாத்திரமாக இருந்தால் சமையலறையில் பூனை புகுந்தது போல் ஒலிக்கும். அட்டையும் மரமும் கலந்தால்தான் ‘பலவகைச் சாமான்’ என்று காது நம்பும். தரையில் கம்பளமோ பாயோ இருந்தால் விழும் சத்தம் செத்துப்போகும். சிமெண்டுத் தரையோ வெறும் பலகையோ வேண்டும். மைக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தால் உச்சத்தில் ஒலி கிழியும். 2 மீட்டராவது தள்ளி வைத்து, மிகக் கனமான பொருள் விழும் சத்தத்துக்குப் பதிவு அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். பேசுகிறவர்களுக்கு வேறு மைக் கொடுங்கள்.

போர்க்கால அத்தியாயங்களுக்குச் சற்றுப் பின்னணி தேவை. 1942 டிசம்பர் 1-இல் அமெரிக்கா முழுவதும் பெட்ரோல் பங்கீடு தொடங்கியது. சாதாரண ‘ஏ’ அட்டைக்கு வாரம் 4 கேலன், அதாவது ஏறக்குறைய 15 லிட்டர். அன்றிரவு ஒலித்த அத்தியாயத்தில் மெக்கீ இதெல்லாம் அநியாயம் என்று குதிக்கிறான். வருகிறவர்கள் அவன் வாதத்தை உடைக்கிறார்கள். அரசாங்கத்தின் செய்தியைக் கதாநாயகன் வாயில் வைக்காமல், அவனை அதை எதிர்த்துப் பேசித் தோற்கவைத்தது க்வினின் சாமர்த்தியம். வீட்டில் உட்கார்ந்து அதே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் குரலை அவன் குரலில் கேட்டிருப்பார்கள். பங்கீட்டின் உண்மையான நோக்கம் பெட்ரோலைவிட டயரை மிச்சம் பிடிப்பது. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் வரத்து அறுந்துபோயிற்று. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். விஸ்ட்ஃபுல் விஸ்டாவில் மெக்கீயின் கார் நின்றதற்கும் அவர்கள் வாழ்க்கை சிதைந்ததற்கும் மூலம் ஒன்றே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1944 முதல் வந்த வேலைக்காரி பியூலா ஒரு கறுப்பினப் பெண் பாத்திரம். குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளை ஆண். அவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, திடீரென்று திரும்பி முதல் வசனத்தைச் சொல்வார். குரலுக்கும் ஆளுக்கும் உள்ள முரணைக் கண்டு அரங்கம் சிரிப்பில் வெடிக்கும். பதிவில் அந்தச் சிரிப்பு காரணமில்லாமல் பெரிதாகக் கேட்பதற்கு இதுவே காரணம். ஹர்ட் திறமையானவர். ஆனால் கறுப்பினப் பெண்ணை அவளல்லாத ஒருவர் கேலியுருவாக்கிச் சிரிக்கவைத்த வழக்கத்தின் பகுதிதான் இது, அது தவறு. வேறு இனத்தாரின் உச்சரிப்பை வைத்துச் செய்த வேடிக்கைகளும் இந்தத் தொடரில் உண்டு. தெரிந்துகொண்டு கேளுங்கள்.

தொடரிலிருந்து கிளைகளும் பிரிந்தன. மெக்கீயோடு ஓயாமல் சண்டை போட்ட அண்டைவீட்டுக்காரர் கில்டர்ஸ்லீவ் 1941 ஆகஸ்டில் தனித் தொடராகப் போனார். ஒரு தொடரின் துணைப்பாத்திரம் பிரிந்து தானே பெரிய வெற்றி பெற்றதற்கு வானொலியில் இதுவே முன்னோடி. 1945-இல் பியூலாவுக்கும் தனித் தொடர் வந்தது.

அரை மணி நிகழ்ச்சி 1953 வரை நீடித்தது. பிறகு மேரியனின் உடல்நிலை கருதி, அரங்கப் பார்வையாளர் இல்லாமல், பெரிய இசைக்குழு இல்லாமல் 15 நிமிடத் தொடராக 1956 வரை ஒலித்தது. அதற்குப்பின் 1959 வரை சில நிமிடத் துணுக்குகள். தொலைக்காட்சியில் 1959-இல் வேறு நடிகர்களை வைத்து எடுத்த வடிவம் சில மாதங்களில் நின்றுபோனது. அலமாரியைக் கண்ணால் பார்க்க முடிந்தால் அதில் இத்தனை சாமான்தான் என்று எண்ணிவிடலாம். காதில் அதற்குக் கணக்கே கிடையாது.

கேட்கத் தொடங்குகிறவர்கள் 1935-இலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். தொடக்க அத்தியாயங்களில் மெக்கீ வெறும் கதையளப்பவன். மாலியின் குரலும் வேறு மாதிரி. மேரியன் 1937 நவம்பரிலிருந்து 1939 ஏப்ரல் வரை நோயால் வரவே இல்லை. 1940 முதல் 1945 வரையிலான ஆண்டுகள்தான் உச்சம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஹெட்போனில் கேட்பது நல்லது. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை மெக்கீ மோனை அடுக்காக மூச்சுவிடாமல் கொட்டும்போது ஒன்றும் புரியாது. கவலைப்படாதீர்கள், அங்கே பொருளைவிட மூச்சுதான் வித்தை.

பதிவின் தரத்தில் கவனம் வையுங்கள். இவை நேரலையாகப் போனவை. அப்போதே 16 அங்குல வட்டுகளில் வெட்டினார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம். அதனால்தான் பல பிரதிகளில் நடுவில் ஒலியின் நிறம் திடீரென மாறும், வட்டு மாறியிருக்கிறது. ஒழுங்கான பிரதி ஏறக்குறைய 29 நிமிடம் 30 விநாடி இருக்கும். குறைவாக இருந்தால் இரண்டு காரணம். போர்முனை வீரர்களுக்காகப் படை வானொலி தயாரித்த பிரதியாக இருக்கலாம். அதில் விளம்பரத்தை நீக்கிவிடுவார்கள், வில்காக்ஸின் காட்சியும் போயிருக்கும். அல்லது வட்டிலிருந்து மாற்றும்போது வேகம் கூடியிருக்கலாம்.

வேகத்தைச் சோதிக்க வழி பதிவின் கடைசியிலேயே இருக்கிறது. என்பிசியின் மூன்று மணி ஓசைகள் ஏறக்குறைய 196, 330, 262 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் வைத்தால் கீழ்ப் பஞ்சமம், அந்தர காந்தாரம், ஷட்ஜம். சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வைத்துக்கொண்டு மூன்றாவது மணி ஷட்ஜத்தில் நிற்கிறதா பாருங்கள். ஒன்றரைக் கட்டைக்கு ஏறியிருந்தால் பிரதி 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. ஒலி திருத்தும் செயலியில் சுருதியையும் நேரத்தையும் சேர்த்தே குறையுங்கள். நேரத்தை மட்டும் நீட்டினால் குரல்கள் மூக்கடைத்தது போலவே இருக்கும். சரிசெய்த பிரதியில் 1940 மார்ச் 5 அத்தியாயத்தை முதலில் கேளுங்கள். அடுத்து 1942 டிசம்பர் 1. அதற்கப்புறம் எந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்தாலும் வாசல் மணி அடித்ததும் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.